வெளிநாட்டில் கைவினைத் தோற் சப்பாத்து வாங்குவது: திருகோணமலைக்கு எது தாங்கும்?

உவர்மலையான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மகளின் பட்டமளிப்பு விழாவுக்காக வரும் ஜூலை மாதம் லண்டன் செல்லவிருக்கிறேன். அங்கிருந்து நான்கு நாள்கள் இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்கும் போய்வரத் திட்டம் உண்டு. தை மாதத்தில் மகனின் திருமணம் இங்கே நடைபெறவுள்ளது. மணவறையில் வேட்டிதான் என்றாலும், மாலை வரவேற்புக்குக் கோட் அணிய வேண்டும் என்பது பிள்ளைகளின் விருப்பம் என்பதால், நல்ல கறுப்புத் தோற் சப்பாத்து ஒரு சோடி வாங்கி வர எண்ணியிருக்கிறேன்.

இவ்வளவு யோசிப்பதற்குக் காரணம் உண்டு. நான்கு ஆண்டுகளாகப் பெட்டியோடு அலுமாரியில் இருந்த, மூன்று தடவைக்கு மேல் போடாத ஒரு சப்பாத்தைச் சென்ற ஆண்டு உறவினர் வீட்டுக் கலியாணத்துக்கு அணிந்து சென்றேன். மண்டப வாசலை அடையுமுன்பே அதன் அடிப்பாகம் பிட்டுப் போல உதிரத் தொடங்கிவிட்டது. மேலே கண்ணாடி போல மினுங்கிய சப்பாத்து, கீழே ஒன்றுமில்லை.

கையால் செய்தது என்று சொல்லி விற்பவற்றில் எதை நம்புவது, இங்கிலாந்தில் வாங்குவதா இத்தாலியில் வாங்குவதா, நம்முடைய கடற்காற்றுக்கும் மாரிக்கும் அது தாங்குமா என்பவற்றை அறிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும். என் பாதம் முன்புறம் நன்கு அகன்றது.

உப்புவெளி ஓய்வுநிலை எழுதியது:

ஐயா, உங்கள் சப்பாத்து உதிர்ந்ததற்குக் காரணம் அது பழையதானது மட்டுமல்ல. அந்த வகை அடிப்பாகங்கள் பெரும்பாலும் பொலியுரித்தேன் என்னும் பொருளால் வார்க்கப்படுகின்றன. காற்றிலுள்ள ஈரப்பதன் அதன் மூலக்கூற்றுப் பிணைப்புகளைச் சிறிது சிறிதாக உடைத்துவிடும். போடாமல் பெட்டிக்குள் வைத்திருந்தால் சேதம் குறையும் என்று நாம் நினைக்கிறோம். நடப்பது அதற்கு நேர்மாறானது. ஆகவே எந்த ஊரில் வாங்கினாலும் முதலில் சப்பாத்தைக் கவிழ்த்துப் பார்த்து, அடிப்பாகம் என்ன பொருள், அது ஒட்டப்பட்டதா தைக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

நான் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நோர்தாம்ப்டன் வந்துவிடும். சப்பாத்துத் தொழிலால் பெயர்பெற்ற ஊர் அது. அங்குள்ள உதைபந்தாட்டக் கழகத்துக்கே சப்பாத்துத் தைப்பவர்கள் என்ற பொருளில்தான் பட்டப்பெயர். 1873இல் தொடங்கிய சேர்ச், 1879இல் தொடங்கிய குரொக்கெட் அன்ட் ஜோன்ஸ் ஆகியவை அந்த ஊரைச் சேர்ந்தவை. 1880இல் தொடங்கிய லோக் நிறுவனம் அருகிலுள்ள கெற்றறிங்கில் இருக்கிறது. தொழிற்சாலையோடு இணைந்த கடைகளில், தோலில் சிறு கீறலோ நிற வேறுபாடோ உள்ள சோடிகளைக் குறைந்த விலைக்கு விற்பார்கள். அந்தக் குறையை விற்பனையாளர் சுட்டிக்காட்டினாலன்றி உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

‘கையால் செய்தது’ என்ற சொல்லைச் சற்று நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொழிற்சாலைகளில் தோல் வெட்டுவதிலிருந்து மெருகிடுவது வரை மனிதக் கைகள் இருந்தாலும், அடிப்பாகத்தைத் தைப்பது இயந்திரம். மேற்றோலின் விளிம்பைச் சுற்றி வெல்ட் எனப்படும் ஒரு தோல் வாரை முதலில் தைத்து, பிறகு அந்த வாரோடு அடிப்பாகத்தைத் தைக்கும் முறைக்குக் குட்இயர் வெல்ட் என்று பெயர். டயர்க் கம்பனியின் பெயருக்குரிய ரப்பர் ஆராய்ச்சியாளரின் மகனுடைய பெயரால் 19ஆம் நூற்றாண்டில் வழங்கத் தொடங்கிய முறை அது. அடி தேய்ந்தால் மேற்றோலைத் தொடாமலே அடியை மாற்றலாம் என்பதுதான் இதன் பெறுமதி. முழுவதும் கையால் வார் தைக்கும் பட்டறைகள் புளோரன்சிலும் லண்டனிலும் உள்ளன. ஆனால் உங்கள் காலுக்கென்று மர அச்சுச் செதுக்கி, ஒரு தடவை போட்டுப் பார்த்துத் திருத்தி முடிக்கப் பல மாதங்கள் ஆகும். உங்கள் குறுகிய பயணத்தில் அது கைகூடாது.

இத்தாலியக் கடைகளில் பிளேக் தையல் அதிகம். உள்ளடியையும் வெளியடியையும் ஒரே நூல் நேராகத் துளைத்துச் செல்வதால் சப்பாத்து மெலிதாகவும் வளைந்துகொடுப்பதாகவும் இருக்கும். ஆனால் நூல் போன வழியில் தண்ணீரும் வரும். தை மாதத்தில் நம்மூர் மண்டப முற்றங்கள் எப்படிக் கிடக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இனி உங்கள் காலுக்கு வருகிறேன். வாழ்நாளெல்லாம் செருப்புப் போட்ட நமது பாதம் விரல்கள் விரிந்து முன்புறம் அகன்றிருக்கும். ஐரோப்பிய அச்சோ பெரும்பாலும் ஒடுங்கியது. அகலம் போதவில்லை என்று நீளத்தைக் கூட்டி வாங்குவதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய பிழை. குதி வழுகும், மடிப்பு விழும் இடமும் தவறிப்போகும். இங்கிலாந்தில் அகலத்துக்குத் தனி எழுத்து உண்டு: சில நிறுவனங்களில் ஈ நடுத்தரம், சிலவற்றில் எஃப். அதற்கடுத்த அகல எழுத்தைக் கேட்டு வாங்குங்கள். கயிற்றுத் துளைகள் உள்ள பகுதி திறந்து விரியும் டேர்பி அமைப்பு, மூடிய ஒக்ஸ்போர்டை விட அகன்ற பாதத்துக்கு இசைவானது. பிற்பகலில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், வரவேற்பில் அணியவிருக்கும் அதே காலுறையோடு போட்டுப் பாருங்கள். அங்கே குளிரில் அளவாக இருப்பது இங்கே வெக்கையில் இறுகும்.

கிண்ணியா வாசி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். மேலே உள்ள பதிலோடு ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். எம்மைப் போன்றவர்களுக்கு இது முக்கியமானது. வெளித்தோல் கன்றுத் தோலாக இருந்தாலும், உட்பக்க உறை பன்றித் தோலாக இருக்கக்கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் சப்பாத்துகளில் விரித்த தோலின் வடிவில் ஒரு குறி காணப்படும். அது தோல் என்று மட்டுமே சொல்லும், எந்த விலங்கின் தோல் என்று சொல்லாது. சாய்சதுரக் குறி இருந்தால் தோலோ துணியோ அல்லாத வேறு பொருள். பன்றித் தோலில் மயிர்த் துளைகள் மும்மூன்றாகக் கூடியிருக்கும் என்பதால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அடையாளம் தெரியும், ஆனால் மெருகு பூசியிருந்தால் அதுவும் மறைந்துவிடும். கூச்சப்படாமல் கடைக்காரரிடம் கேட்பதே நல்லது.

சீனன்குடாத் தம்பி எழுதியது:

ஐயா, மாறான கருத்துச் சொல்வதற்கு மன்னிக்கவும். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் போகிறது. சென்னையைத் தாண்டினால் இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் தோல் ஊர்கள், ஐரோப்பியக் கம்பனிகளுக்கே அங்கிருந்து சப்பாத்து ஏற்றுமதியாகிறது. குட்இயர் வெல்ட் தையலும் தமிழ்நாட்டில் செய்கிறார்கள். இங்கிலாந்து வரி மீளக் கிடைக்கும் என்ற எண்ணத்தில் கணக்குப் போட்டிருந்தால் அதையும் திருத்திக்கொள்ளுங்கள்: சுற்றுலாப் பயணிகள் கடையில் வாங்கிக் கையோடு கொண்டுவரும் பொருள்களுக்கான வற் (பெறுமதி சேர் வரி) மீளளிப்பை அங்கே 2021 ஜனவரி முதல் நிறுத்திவிட்டார்கள். இத்தாலியில் 22 சதவீத வற் உண்டு. 2024 முதல் ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினாலே மீளளிப்புக்கு விண்ணப்பிக்கலாம். வரியை மீளப் பெற்றுத்தரும் தரகு நிறுவனம் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளும். பற்றுச்சீட்டும் கடவுச்சீட்டும் கையில் இருக்க வேண்டும், சுங்கத்தில் முத்திரை பெறும்வரை சப்பாத்தைப் போடக்கூடாது.

உவர்மலையான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. தம்பி சொல்வது நியாயம்தான், ஆனால் சென்னைக்குத் தனியாக ஒரு பயணம் போனால் மிச்சம் பிடித்த பணம் சேலைக் கடையில் முடிந்துவிடும் என்பதை வீட்டுக்காரியை அறிந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். நோர்தாம்ப்டனுக்கு ஒரு நாள் ஒதுக்குகிறேன். இரண்டு ஐயங்கள் மீதமுள்ளன. தோல் அடியா, ரப்பர் அடியா? புளோரன்சில் வாங்க நேர்ந்தால் வரிக்கான முத்திரையை எங்கே பெறுவது?

உப்புவெளி ஓய்வுநிலை எழுதியது:

இங்கிலாந்து இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்பதால், புளோரன்சிலிருந்து லண்டன் திரும்பும்போதே இத்தாலிய விமான நிலையத்தில் சுங்க உறுதிப்படுத்தலைப் பெற்றுவிட வேண்டும். பெட்டியை ஒப்படைக்கும் முன்னர் செய்யுங்கள். சப்பாத்தைக் காட்டச் சொல்லக்கூடும்.

அடிப்பாகம் ரப்பராகவே இருக்கட்டும். தோல் அடி ஈரமான சீமெந்துத் தரையில் வழுக்கும், விரைவில் தேயும். லெஸ்ரர்ஷயரில் வார்க்கப்படும் டைனைட் என்ற ரப்பர் அடியைப் பல நிறுவனங்கள் பொருத்துகின்றன. அதன் குமிழ்கள் உள்நோக்கி அமைந்திருப்பதால் பக்கவாட்டில் பார்ப்பவருக்கு அது ரப்பர் என்றே தெரியாது. இங்கே செருப்புத் தைப்பவரிடம் குதியை மாற்றுவது எளிது, முழு அடியை மாற்றும்போது மட்டும் பழைய வாரை வெட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கொண்டுவந்த பிறகு பெட்டியிலோ பொலித்தீன் பையிலோ அடைக்காமல், உள்ளே மர அச்சு வைத்துப் பருத்திப் பையில் போட்டு, காற்றோட்டமுள்ள தட்டில் வையுங்கள். மாரி காலத்தில் வாரம் ஒரு தடவை எடுத்து உலர்ந்த துணியால் துடைத்தால் பூஞ்சணம் பிடிக்காது. வெயிலில் காய வைக்க வேண்டாம், தோல் வெடித்துவிடும். திருமணத்துக்கு முன்னர் வீட்டுக்குள் தினமும் அரை மணி நேரம் என்று ஒரு பத்து நாள் போட்டு நடவுங்கள். இல்லாவிட்டால் வரவேற்பில் சம்பந்தியாருக்குக் கை கொடுக்கும்போது உங்கள் முகமே காட்டிக் கொடுத்துவிடும்.