வீடியோ டென்னிஸ் ஆடுபவர்கள் யாராவது இருக்கிறீர்களா? படம் கரைகிறது!

எடிட்டிங் தெரிந்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள். நானும் நண்பர் ஒருவரும் வீடியோ டென்னிஸ் ஆடுகிறோம். ஒருவர் ஒரு நிமிடக் காட்சியை வெட்டி ஒட்டி அனுப்புவார். மற்றவர் அதையே மூலப்பொருளாக வைத்து மறுபடி கலைத்துத் திருப்பி அடிப்பார். யூடியூப் பூப் (இருக்கிற வீடியோக்களைக் கலைத்துக் கேலியாக்கும் வகை) கூட்டத்துக்கு இது பழகிய ஆட்டம்தான். அதற்கும் முன்பே சிகாகோவில் ஒரு டிசைன் நிறுவனம் ஃபோட்டோஷாப் படங்களை வைத்து இப்படி மோதவிட்டிருக்கிறது.

எங்கள் மூலப்படம், பிரெலிங்கர் ஆர்கைவ்ஸ் என்ற பழைய படங்களின் சேகரிப்பில் கிடைத்த பழைய அமெரிக்கக் கல்விப்படம். வாத்தியார் கரும்பலகையைத் தட்டுவதை நான் தாளமாக்கினேன். நண்பர் அதைப் பின்னோக்கி ஓட்டி, வாத்தியாரை ஆடவே வைத்துவிட்டார்! நாலாவது சுற்றில் அந்த முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. சிலர் இந்தச் சிதைவே அழகு என்பார்கள். நாமாக வரவழைத்தால் சரி, தானாக வந்தால் எரிச்சல்தான்.

ஒவ்வொரு முறையும் ஹெச்.264-இல் (தரத்தைக் கொஞ்சம் இழந்து கோப்பைச் சுருக்கும் முறை) ஏற்றுமதி செய்வதுதான் காரணம் என்று புரிகிறது. தரம் அதிகம் கெடாத புரோரெஸ் 422 முறைக்கு மாறினால் 1080பி-யில் நிமிடத்துக்கு 1 ஜிபி தாண்டுகிறது. நண்பரின் டேட்டா தாங்காது. ஹெச்.264-இலேயே சிஆர்எஃப் மதிப்பை (எண் குறையக் குறையத் தரம் கூடும்) 14, 15 என்று குறைத்து வைத்தால் ஏழெட்டுச் சுற்று தாக்குப்பிடிக்குமா?

அப்புறம் இன்னொன்று. எடிட்டிங் மென்பொருளில் நான் டாவின்சி ரிசால்வ், அவர் கேடென்லைவ். வெட்டுகளை மட்டுமாவது ப்ராஜெக்ட் கோப்பாகப் பரிமாறிக்கொள்ள ஒழுங்கான வழி உண்டா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த சுற்று என் கையில் நிற்கிறது.