டேட்டா என்ட்ரி திரை: மூன்று மணிக்கு மேல் எல்லாருக்கும் கண் எரிச்சல், என்ன மாற்றலாம்?

கேள்வி:
வணக்கம். எங்கள் அலுவலகத்துக்கு நானே ஒரு பதிவு மென்பொருள் எழுதினேன். ஆறு பேர் காகித விண்ணப்பங்களைப் பார்த்து நாள் முழுக்கத் தமிழில் தட்டச்சு செய்கிறார்கள். கண்ணுக்கு இதமாக இருக்கும் என்று நம்பி முழுக் கருப்புப் பின்னணியும் சாம்பல் எழுத்தும் (நிறக் குறியீடு 666666) வைத்தேன். எழுத்து 12 பிக்சல். மதியம் மூன்று மணி ஆனாலே கண் எரிகிறது, தலை வலிக்கிறது என்கிறார்கள். பிரைட்னஸைக் குறைத்தும் பார்த்துவிட்டேன். உதவுங்கள்.

பதில் 1:
கருப்புப் பின்னணி உங்கள் வேலைக்குப் பொருந்தாது. அவர்கள் பார்ப்பது திரையை மட்டும் இல்லையே. வெள்ளைத் தாள், கருப்புத் திரை, மறுபடி தாள் என்று நாள் முழுக்கக் கண் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் மாறிக்கொண்டே இருக்கிறது. லேசாக மங்கிய வெள்ளைப் பின்னணி, கிட்டத்தட்டக் கருப்பான (222222) எழுத்து என்று மாற்றுங்கள். பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை பிரைட்னஸைச் சரிசெய்யுங்கள்.

உங்கள் சாம்பலின் கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 3.7க்கு 1தான் வருகிறது. இணையப் பக்கங்களை எல்லாரும் எளிதாகப் படிப்பதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. (WCAG) விதிப்படி சிறிய எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 வேண்டும்.

அப்புறம் அந்த 12 பிக்சல். ஆங்கிலத்துக்கே அது சிறிது. தமிழில் ‘கி’க்கும் ‘கீ’க்கும் நடுவே இருப்பது ஒரு சின்னச் சுழி. அது அடைத்துக்கொண்டால் ஒவ்வொரு சொல்லையும் கண்ணைச் சுருக்கித்தான் படிக்க வேண்டும். 18 பிக்சல், வரி உயரம் எழுத்தளவைப் போல 1.6 மடங்கு வைத்துப் பாருங்கள். ஒரு திரையில் கொள்ளும் கட்டங்கள் குறையும், குறையட்டும்.

பதில் 2:
நான் பல வருடம் இதே வேலை பார்த்தவள். தாளை மேசையில் படுக்க வைக்காமல், ஸ்டாண்டில் திரைக்குப் பக்கத்திலேயே நிறுத்துங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் மேசையைத் திருப்பிப் போடுங்கள், ஜன்னல் பக்கவாட்டில் வரட்டும்.

கேட்டவர்:
ஒரு வாரம் ஆயிற்று. ஐந்து பேருக்கு நன்றாகவே குறைந்துவிட்டது, மிக்க நன்றி. ஒரு அக்காவுக்கு மட்டும் தலைவலி நிற்கவில்லை. அவர் பைஃபோகல் கண்ணாடி போடுகிறார்.

பதில் 2:
மானிட்டர் உயரமாக இருக்கிறதா? கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் படிக்க முகவாயைத் தூக்கிக்கொண்டே இருப்பார். அவருக்கு மட்டும் திரையை நன்றாக இறக்கி, கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள். வலி நிற்காவிட்டால் கண் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
ஆமாம், அடியில் நான்கு பழைய ரெஜிஸ்டர்களை அடுக்கி வைத்திருந்தோம். இன்று காலை எடுத்துவிட்டேன். கழுத்து வலியும் இருந்ததாக அக்கா இப்போதுதான் சொல்கிறார்.