விண்கலமும் மந்திரமும் ஒரே நாவலில்: கலவையா, கலப்படமா?

வால்மீன்:
நேற்றிரவு ஒரு நாவலை முடித்தேன். 400 பக்கம் விண்கலம், எரிபொருள் கணக்கு, ஆக்சிஜன் தட்டுப்பாடு. கடைசி 30 பக்கத்தில் ஒரு கிழவி பழைய மந்திரம் ஒன்றைச் சொல்கிறாள், எல்லோரும் பிழைத்துக்கொள்கிறார்கள். அந்த ஆக்சிஜன் கணக்கை நானும் கூடவே போட்டுக்கொண்டு வந்தேனே, அதற்கு என்ன மரியாதை? அறிவியல் புனைகதையில் ஃபேன்டஸியைச் சேர்த்தால் அது கலப்படம்தான். ‘மிக முன்னேறிய தொழில்நுட்பம் மந்திரம் போலத்தான் தெரியும்’ என்ற எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கின் வாக்கியத்தோடு யாரும் வரவேண்டாம். அலுத்துவிட்டது.

அகல்:
கோபம் நியாயம்தான், பழி மட்டும் ஆள் மாறி விழுகிறது. துப்பறியும் கதையும் அறிவியல் புனைகதையும் ஒட்டாது என்று பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்பெல் சொல்லிக்கொண்டிருந்தார். துப்பறிபவர் கடைசியில் புதிதாக ஒரு கருவியை எடுத்து நீட்டிவிடுவார் என்பது அவர் பயம். உங்கள் கிழவியும் அதே கருவிதான். எழுத்தாளர் அசிமோவ், 1954இல் நூலாக வந்த ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ என்ற ரோபோ-கொலைத் துப்பறியும் நாவலை எழுதி அதற்குப் பதில் சொன்னார். ரோபோவுக்கு என்ன முடியும், என்ன முடியாது என்பது முதலிலேயே வாசகர் கையில் இருக்கும். அப்புறம் ஏமாற்ற இடமேது?

வால்மீன்:
அது வேறு. ரோபோவும் கொலையும் ஒரே தர்க்கத்தில் ஓடும். மந்திரத்துக்கு ஏது தர்க்கம்?

அகல்:
ஏன் இல்லை? லாரி நிவன் 1969இல் எழுதிய ஒரு சிறுகதையில் மந்திரம் எரிபொருள் மாதிரி. ஒரு தட்டை மந்திரத்தால் மேலும் மேலும் வேகமாகச் சுழலவிட்டால் அந்த இடத்தில் இருக்கும் மாயசக்தி முழுக்கத் தீர்ந்துபோகும். அப்புறம் அங்கே எந்த மந்திரவாதியும் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் ஆக்சிஜன் கணக்குக்கு இது எந்த விதத்தில் குறைச்சல்?

பின்னட்டை:
குறுக்கே வருகிறேன். எது முதலில் வருகிறது என்பதையும் பாருங்கள். ஆன் மெக்காஃப்ரியின் டிராகன் நாவல்கள் (முதல் நாவல் 1968) ஃபேன்டஸி போலத் தோன்றும், ஆனால் அவர் அவற்றை அறிவியல் புனைகதை என்றே சொல்லிவந்தார். வேற்றுக் கிரகத்தில் குடியேறியவர்கள் அங்கிருந்த சிறு உயிரினத்திலிருந்து உருவாக்கியவை அந்த டிராகன்கள். ஒருவகைக் கல்லை மென்றால்தான் நெருப்பே கக்கும். மந்திரம் என்று நினைத்ததற்குக் காரணம் கிடைத்தால் மகிழ்கிறோம். காரணம் இருக்கும் என்று நம்பிய இடத்தில் மந்திரம் வந்தால் எரிச்சல். கலவை ஒன்றுதான், திசை வேறு.

வால்மீன்:
அதே டிராகன் நினைத்த மாத்திரத்தில் இன்னோர் இடத்துக்குத் தாவுகிறதே, காலத்துக்குள்ளும் போகிறதே? அதற்குக் கல் எங்கே?

பின்னட்டை:
சரி, அதற்கு இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தாவலைக் கடைசிவரை மறைத்து வைக்கவில்லை. வாசகர் பழகிய பிறகுதான் கதை அதன்மேல் சாய்கிறது.

அகல்:
வால்மீன், ஒரே ஒரு கேள்வி. அந்தக் கிழவி 10ஆம் பக்கத்திலேயே மந்திரம் சொல்லியிருந்தால் இந்தக் கோபம் வந்திருக்குமா?

வால்மீன்:
வந்திருக்காது. 10ஆம் பக்கத்திலேயே மூடிவைத்திருப்பேன்.

அகல்:
பாருங்கள், அது தெரிந்துதானே நாவலாசிரியர் ஒளித்துவைத்தார்!

வால்மீன்:
அதற்குப் பெயர்தான் கலப்படம் என்கிறேன்.