வீட்டுச் சர்வருக்கு டெபியனா, ஃப்ரீபிஎஸ்டியா?

யீஷூன் வாசி:
வணக்கம். வீட்டுச் சர்வராக ஓட்ட, போன வாரம் சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேரில் இன்டெல் என்100 சில்லு போட்ட சின்னக் கணினிப் பெட்டி ஒன்று வாங்கினேன். நான்கு கோர், 16 ஜிபி நினைவகம், 1 டிபி எஸ்எஸ்டி இரண்டு. வரவேற்பறையில் ஃபைபர் முனைக்குப் பக்கத்திலேயே இருக்கும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்ட்டருக்குள் வைத்துப் பார்த்தேன். இரும்புக் கதவை மூடினால் உள்ளே புழுக்கம், வைஃபையும் வெளியே வரவில்லை.

அதில் வைக்கப்போவது குடும்பப் படங்களும், தாத்தா பேசியதை அப்பா கேசட்டில் பதிந்து வைத்த ஒலிப்பதிவுகளும். மொத்தம் 300 ஜிபிக்கு மேல். இவ்வளவு நாள் ஒரு மேகச் சேவையில் இருந்தது. ஒருநாள் கணக்கு முடங்கி, திரும்பக் கைக்கு வர இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை. உபுண்டு என்ற லினக்ஸ் ஓரளவு தெரியும். உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனா, லினக்ஸ் அல்லாத, யூனிக்ஸ் வழி வந்த ஃப்ரீபிஎஸ்டியா, எந்த இயங்குதளம் போடலாம்?

பழைய பெட்டி:
ஃப்ரீபிஎஸ்டி. என் வீட்டில் 2011லிருந்து அதுதான் ஓடுகிறது. பெட்டி மூன்று முறை மாறியிருக்கிறது, வட்டுகளும் மாறியிருக்கின்றன, ஒரு கோப்பும் போகவில்லை.

உங்கள் கையில் இருப்பது இன்னொரு முறை பதிய முடியாத குரல். அதனால் வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் கோப்பு முறைமையிலிருந்து தொடங்குங்கள். லினக்ஸில் வழக்கமாக வரும் எக்ஸ்ட்4 முறைமை, கோப்பின் உள்ளடக்கத்துக்குச் சரிபார்ப்புத் தொகை (உள்ளடக்கம் மாறிவிட்டதா என்று காட்டும் எண்) வைப்பதில்லை. வட்டில் ஒரு பிட் சத்தமில்லாமல் கெட்டால் அதற்குத் தெரியாது. கெட்ட கோப்பையே பேக்கப்புக்கும் அனுப்பிவிடும். இசட்எஃப்எஸ் என்ற முறைமை ஒவ்வொரு துண்டுக்கும் தொகை வைக்கிறது. படிக்கும்போது பொருந்தவில்லை என்றால், அதே தரவை வைத்திருக்கும் ஜோடி வட்டில் உள்ள நல்ல பிரதியை எடுத்துக் கெட்டதைத் திருத்திவிடும்.

லினக்ஸிலும் இசட்எஃப்எஸ் போடலாம்தான். ஆனால் உரிமம் ஒத்துப்போகாததால் அது லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் சேரவில்லை. டெபியனில் கர்னல் மாறும்போதெல்லாம் டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாக இசட்எஃப்எஸ் மாட்யூலை மறுபடி கட்ட வேண்டும். கட்டுவது தவறினால் அன்றைக்குத் தரவு வட்டு திறக்காது. ஃப்ரீபிஎஸ்டியில் 2008இல் வந்த 7.0 முதல் அது அடிப்படை அமைப்போடு சேர்ந்தே வருகிறது.

செங்காங் பையன்:
அண்ணே, நீங்கள் சொல்வது கோப்பு முறைமைக்குச் சரி. ஆனால் அவர் அந்தப் படங்களை வீட்டில் எல்லோரும் கைப்பேசியில் பார்க்க வேண்டாமா? அதற்கு இன்றைக்குப் பலரும் போடுவது இம்மிச் என்ற படத்தொகுப்பு நிரல். அதை உருவாக்குபவர்கள் பரிந்துரைப்பது டாக்கர் வழி, அதாவது நிரலைத் தேவையானவற்றோடு சேர்த்து ஒரே கொள்கலனாகக் கட்டித் தருவது. ஃப்ரீபிஎஸ்டியில் அந்த டாக்கர் கொள்கலன்கள் நேரடியாக ஓடாது. ஃப்ரீபிஎஸ்டியின் பிஹைவ் என்ற கருவியில் ஒரு மெய்நிகர் கணினி எழுப்பி, அதற்குள் லினக்ஸ் போட்டு, அதற்குள் டாக்கர். கடைசியில் லினக்ஸையும் பராமரித்துத்தான் ஆக வேண்டும், 16 ஜிபி நினைவகத்தில் ஒரு பங்கும் அதற்குப் போய்விடும். நேராகவே டெபியனைப் போட்டுவிடலாமே.

இசட்எஃப்எஸ் இல்லாவிட்டால் கதி இல்லை என்பதும் சரியில்லை. பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை 2009 முதல் லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. சரிபார்ப்புத் தொகை, ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு), இரண்டு வட்டில் ஜோடிப் பிரதி, மூன்றும் உண்டு. டெபியன் 13 2025 ஆகஸ்டில் வந்தது. நீண்டகால ஆதரவையும் சேர்த்தால் ஐந்து ஆண்டு கைவைக்க வேண்டாம், பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாக ஏற்றிக்கொள்ளச் சொன்னால் போதும். ஃப்ரீபிஎஸ்டியில் 14.1, 14.2 என்று வரும் சிறு வெளியீடுகளுக்கு, அடுத்தது வந்து மூன்று மாதம் வரைதான் ஆதரவு. வேலையும் பிள்ளைகளுமாக இருப்பவர் இதையெல்லாம் நாள் பார்த்துக்கொண்டிருப்பாரா?

பழைய பெட்டி:
பிடிஆர்எஃப்எஸ் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள், தம்பி. இயங்குதளமும் அந்த ஜோடி வட்டிலேயே இருந்து, ஒரு வட்டு செத்துப்போனால், பெட்டி வழக்கம்போல் எழும்பாது. ஒரு வட்டு குறைவாகவே ஓடு என்று சொல்லும் டிகிரேடட் என்ற விருப்பத்தைக் கையால் கொடுத்தால்தான் ஏற்றும். அது தெரியாதவர் தரவே போய்விட்டது என்று பயந்து எல்லாவற்றையும் அழித்து நிறுவுவார். இசட்எஃப்எஸ் ஜோடியில் மிஞ்சிய வட்டை வைத்துக்கொண்டு அது பாட்டுக்கு ஓடும்.

டாக்கர்போல நிரல்களுக்குத் தனித்தனி அறை வேண்டும் என்றால் ஃப்ரீபிஎஸ்டியில் ஜெயில் என்ற வசதி இருக்கிறது, 2000ஆம் ஆண்டு 4.0 பதிப்பிலேயே வந்தது. டாக்கர் பிறந்தது 2013இல்.

புக்கிட் பாத்தோக் 10 வாட்:
இரண்டு பேருக்கும் இடையில் வருகிறேன், மன்னிக்கவும். மின் கட்டணக் கணக்கை யாருமே சொல்லவில்லை. யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்துக்கொள்வோம். 10 வாட் பெட்டி ஆண்டு முழுக்க ஓடினால் 88 யூனிட், 26 வெள்ளி. அலமாரியில் கிடக்கும் பழைய மேசைக் கணினியை 60 வாட்டில் ஓட விட்டால் 158 வெள்ளி ஆகிவிடும். பெட்டியை முதலில் ஓடவிட்டு, பிளக் மீட்டர் மாட்டிப் பாருங்கள். இயங்குதளமும் இதில் வித்தியாசம் காட்டும். என்னுடைய என்100இல் டெபியன் சும்மா இருக்கும்போது 7 வாட். ஃப்ரீபிஎஸ்டி போட்ட புதிதில் 10க்கு மேல் காட்டியது, சில்லு சும்மா இருக்கும்போது மின்சாரத்தைக் குறைக்கும் சி-ஸ்டேட் அமைப்பை மாற்றிய பிறகுதான் இறங்கியது.

எதைப் போட்டாலும் எஸ்டி கார்டில் இயங்குதளத்தை வைக்காதீர்கள். ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியில் அப்படி வைத்திருந்தேன். பதிவேடுகளை ஓயாமல் எழுதி எழுதி ஒன்றரை ஆண்டில் கார்டு போய்விட்டது.

பொங்கோல் அக்கா:
நான் கணினித் துறை இல்லை. ஆனால் இந்தக் கேள்வியில் எனக்குச் சொல்ல ஒன்று உண்டு.

என் கணவர் கப்பலில் வேலை செய்கிறார். வீட்டில் இப்படி ஒரு பெட்டியை அவர்தான் ஆசையாக அமைத்தார். பிள்ளைகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான். இரண்டு வருடத்துக்கு முன், அவர் கடலில் இருக்கும்போது, பெட்டி ஒருநாள் மூச்சு விடவில்லை. மானிட்டரை மாட்டினேன். கறுப்புத் திரையில் நான்கு வரி வந்து நின்றது. கடவுச்சொல் தெரியாது, எந்த வட்டில் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. அவருக்குப் படம் பிடித்து அனுப்பினால் பதில் வர மூன்று நாள். அழைத்து வந்த தம்பி ஒருவர் நல்ல மனசோடுதான் வந்தார், ஆனால் அந்த இயங்குதளத்தைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டார். ஐந்து வாரம் கழித்து கணவர் வந்து பத்து நிமிடத்தில் சரிசெய்தார்.

நீங்கள் இரண்டு பேரும் எது கெடாது என்று வாதாடுகிறீர்கள். கெட்டபோது வீட்டில் இருப்பவர் யார் என்று கேளுங்கள். யீஷூன் தம்பி, உங்கள் மனைவியோ அப்பாவோ தனியாக இருக்கும் நாளில் அந்தக் குரல்களை எப்படி எடுப்பார்கள்? இப்போது எங்கள் வீட்டில் பூசை அலமாரி இழுப்பறையில் ஒரு தாள் இருக்கிறது. கடவுச்சொல், எந்த வட்டு, எந்த வரிசையில் என்ன தட்ட வேண்டும், எல்லாம் தமிழில் கையால் எழுதியது. மாதம் ஒருமுறை படங்களைச் சாதாரண யூஎஸ்பி வட்டிலும் ஏற்றுகிறோம். எந்த மடிக்கணினியில் செருகினாலும் திறக்கும்.

செங்காங் பையன்:
அக்கா சொன்னதை மனதில் வாங்கிக்கொண்டேன். என் வாதமும் அதனால் இன்னும் வலுக்கிறது என்றே நினைக்கிறேன். சிங்கப்பூரில் பாலிடெக்னிக் படிக்கும் பையன் ஒருவனைக் கூப்பிட்டால் டெபியனோ உபுண்டுவோ தொட்டிருப்பான். ஃப்ரீபிஎஸ்டி தெரிந்தவரை எங்கே தேடுவது?

பழைய பெட்டி:
அக்கா, உங்கள் வீட்டில் நடந்தது எனக்கும் உறைக்கிறது. என் பெட்டியை என்னைத் தவிர யாராலும் திறக்க முடியாது, அது உண்மை. அதை இந்த வாரமே சரிசெய்கிறேன்.

ஆனால் தம்பி சொல்வதை ஏற்க மாட்டேன். கறுப்புத் திரை ஒரு மேம்படுத்தலுக்குப் பிறகு வந்திருந்தால், ஃப்ரீபிஎஸ்டியின் பூட் என்விரான்மென்ட் அங்கேதான் உதவும். மேம்படுத்தும் முன் பிஇசிடிஎல் கட்டளையால் முழு அமைப்புக்கும் ஒரு பிரதி எடுத்து வைக்கலாம். எழும்பாவிட்டால், பெட்டி தொடங்கும்போது வரும் பூட் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்தால் முந்தைய நாள் இருந்தபடி வந்து நிற்கும். கடவுச்சொல்கூட வேண்டாம். எந்த எண்ணை அழுத்துவது என்று அந்தத் தாளில் ஒரு வரி எழுதினால் போதும், பையன் யாரையும் தேட வேண்டியதில்லை.

யீஷூன் வாசி:
எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். "எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு அப்புறம் எதை வேண்டுமானாலும் போடுங்கள்" என்றாள்.

சனிக்கிழமை டெபியன் 13 போடுகிறேன். இயங்குதளம் எக்ஸ்ட்4இல் தனி எஸ்எஸ்டியில் (மூன்றாவதாகச் சின்னது ஒன்று வாங்கிவிட்டேன்), தரவு மட்டும் பிடிஆர்எஃப்எஸ் ஜோடியில். மூன்றாவது பிரதி யூஎஸ்பி வட்டில், அது ஜூரோங் வெஸ்ட்டில் தம்பி வீட்டில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஜோடியில் ஒரு எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு, தாளைப் பார்த்துத் தாத்தாவின் ஒரு பதிவை எடுத்துக் காட்டும்படி மனைவியிடம் சொல்லப்போகிறேன். நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.

பழைய பெட்டி:
சரி. மாதம் ஒருமுறை ஸ்க்ரப் (தரவு முழுவதையும் படித்துச் சரிபார்ப்பது) ஓட டைமர் போட மறக்காதீர்கள். டெபியன் அதைத் தானாகப் போட்டுத் தராது. டிகிரேடட் விருப்பத்தையும் அந்தத் தாளில் எழுதுங்கள், ஞாயிறு கட்டாயம் தேவைப்படும்.