மின் உற்பத்தியை வகுப்பில் செய்து காட்டுவது: அனுபவப் பகிர்வு

இயற்பியல் ஆசிரியர்:
அனல், புனல், காற்று, அணு என்று பலகையில் நான்கு படம் வரைந்தால் பிள்ளைகள் நான்கு தனிப் பாடமாக மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி, கூடங்குளத்தில் யுரேனியம், பைக்காராவில் மலையிறங்கும் தண்ணீர், முப்பந்தலில் காற்று. எல்லாமே கடைசியில் ஒரு ஷாஃப்டை, அதாவது ஜெனரேட்டரின் தண்டைச் சுழற்றத்தான். அந்தச் சுழற்சியை முதலில் அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும்.

அதற்கு ரோபோ கார்களுக்கு விற்கும் மஞ்சள் கியர் மோட்டார், 1:48 விகிதம், போதும். கையால் சுற்றினால் மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரம் தரும். வெறும் பொம்மை மோட்டாரை விரலால் திருகினால் சிவப்பு எல்இடிக்கு வேண்டிய 1.8 வோல்ட்கூட வராது. கியர் மோட்டாரின் வெளி ஷாஃப்டை நொடிக்கு 2 சுற்று சுற்றினால் உள்ளே 96 சுற்று. சுமார் 3 வோல்ட் கிடைக்கும். 100 ஓம் மின்தடை ஒன்று, முனை மாற்றிப் பக்க இணைப்பில் இரண்டு எல்இடி. வலப்பக்கம் சுற்றினால் ஒன்று, இடப்பக்கம் சுற்றினால் மற்றது எரியும். ஒற்றை எல்இடி வைத்தால் எதிர்ப்பக்கம் சுற்றிவிட்டு "மோட்டார் ரிப்பேர் சார்" என்பார்கள். பற்கள் பிளாஸ்டிக், வேகப் போட்டி வைத்தால் உடையும்.

இதில் விட்டுவிடக் கூடாதது ஒன்று உண்டு. எல்இடியையும் மின்தடையையும் கழற்றி, மோட்டாரின் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டு ஷாஃப்டைச் சுற்றச் சொல்லுங்கள். கை கனக்கும். எல்இடி இழுப்பது சில மில்லி ஆம்பியர்தான் என்பதால் அதில் இந்தக் கனம் தெரியாது. மாலையில் ஊரே ஸ்விட்ச் போடும்போது டர்பைனுக்கு ஏன் கூடுதல் நீராவி விட வேண்டும் என்பதற்கு அதன்பின் விளக்கமே தேவைப்படாது.

ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை:
சோலார் பேனல் இந்தக் கணக்கில் சேராது சார், அதில் சுழல்வது எதுவும் இல்லை. வெயிலின் சூடுதான் மின்சாரமாகிறது என்று பலரும் நம்புகிறார்கள். 6 வோல்ட் பேனலைக் கறுப்புத் துணியால் மூடி, அடியில் வெந்நீர்ப் பை வையுங்கள். மல்டிமீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். துணியை எடுத்து டார்ச் அடித்தால் உடனே ஏறும்.

அடுத்து, வெயிலில் பேனலோடு சின்ன மோட்டாரை இணைத்து, ஒரே ஒரு செல்லை விரலால் முழுதாக மறைக்கச் சொல்லுங்கள். செல்கள் தொடரிணைப்பில் இருப்பதால் மோட்டார் பெரும்பாலும் நின்றுவிடும். மல்டிமீட்டரை மட்டும் வைத்துப் பார்த்தால் வோல்ட் கொஞ்சம்தான் குறையும், பாடம் தப்பாகப் போய்விடும். டியூப்லைட் வெளிச்சத்தில் மோட்டார் ஓடாது. மைதானத்துக்குத்தான் போக வேண்டும்.

அறிவியல் மன்றப் பொறுப்பாளர்:
எலுமிச்சை மின்கலத்துக்குத் துத்தநாகம் பூசிய ஆணி, செம்புக் கம்பி. ஒரு பழத்துக்குச் சுமார் 0.9 வோல்ட். மூன்றைத் தொடரில் இணைத்தாலும் சிவப்பு எல்இடி மங்கலாகத்தான் எரியும், அறையை இருட்டாக்குங்கள். ஆற்றல் தருவது பழமல்ல, கரையும் துத்தநாகம். நோட்டில் அதை எழுத வையுங்கள்.

குக்கரில் வெயிட்டைக் கழற்றி நீராவியில் காற்றாடி சுற்றும் வீடியோக்களைப் பார்த்து யாரும் வகுப்பில் முயல வேண்டாம். துளையை ஒட்டி வரும் நீராவி கண்ணுக்கே தெரியாது, விரலைச் சுட்டுவிடும். டர்பைன் சுழல்வதைக் காட்ட, பேப்பர் காற்றாடியை வாயால் ஊதினால் போதும்.