ராத்தங்கல் மீன்பிடிப்பு: டென்ட்டுக்குள்ள அடியில என்ன விரிக்கிறீங்க?

கரைத்தூண்டில்:
எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா நாற்காலியில உட்கார்ந்தே விடிய விடியக் கழிச்சேன். இடுப்பு தாங்கல. இப்போ கொஞ்ச நேரம் படுத்து எழுந்து பிடிக்கலாம்னு அடித்துணி இல்லாத டென்ட் ஒண்ணு வாங்கியிருக்கேன். முன்பக்கம் முழுசாத் திறக்கும், படுத்தபடியே ராடு முனை தெரியும். மீன் இழுத்ததும் ராடுல மாட்டின அலாரம் கத்துனா ரெண்டே எட்டுல போய் ராடைத் தூக்கிடலாம். அதனால இந்த டென்ட்டை மாத்துற எண்ணம் இல்ல.

உள்ள தார்ப்பாய் விரிச்சு, அதுமேல காற்று மெத்தை, அதுமேல ஸ்லீப்பிங் பேக். ரெண்டு தொல்லை. மழை துளிகூட இல்லாத ராத்திரியிலயும் காலையில தார்ப்பாய்க்கு அடியில கை வெச்சா சொதசொதன்னு இருக்கு, கூரையோட உள்பக்கமும் வேர்த்துச் சொட்டுது. அடுத்தது குளிர். நெஞ்சுப் பக்கம் கதகதன்னு இருக்கு, முதுகும் இடுப்பும் மட்டும் சில்லிட்டுப் போகுது. விடியற நேரம் மீன் நல்லா எடுக்கும்போது உடம்பு மரத்துப்போய் எழுந்திருக்கவே முடியல.

தார்ப்பாயைத் தடிமனா மாத்தணுமா, ஸ்லீப்பிங் பேக்கை மாத்தணுமா?

அலைமீன்:
ஸ்லீப்பிங் பேக்கைத்தான் மாத்தணும் நண்பா. இன்னும் குளிர் தாங்கற ரகமா எடுங்க, வேலை முடிஞ்சுது.

நீர்க்காகம்:
தம்பி, பேக் வாங்கக் கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. நெஞ்சுப் பக்கம் கதகதன்னு இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்போ பேக் தன் வேலையைச் சரியாத்தான் செய்யுது. குறை உங்களுக்குக் கீழே இருக்கு.

ஸ்லீப்பிங் பேக் சூடு தர்றது உள்ள இருக்கிற பஞ்சு உப்பி, காத்தைப் பிடிச்சு வெச்சுக்கிறதால. நீங்க மேல படுத்ததும் முதுகுக்குக் கீழே அந்தப் பஞ்சு நசுங்கிடும், காத்து வெளியேறிடும். எவ்வளவு தடிச்ச பேக் வாங்கினாலும் கீழ்ப்பக்கம் இதே கதிதான். சாதாக் காற்று மெத்தையும் உதவாது. மெத்துன்னு இருக்கும், ஆனா உள்ள காத்து தடுப்பில்லாம ஒரே வெளியாக் கிடக்கு. நீங்க புரளப் புரள அது கலைஞ்சு உங்க சூட்டை மண்ணுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துடும்.

மெத்தை வாங்குறப்போ ஆர்-வேல்யூன்னு ஒரு எண் போட்டிருக்கும், அதைப் பாருங்க. சூடு கீழே இறங்காம எவ்வளவு தடுக்குதுங்கிறதுக்கான அளவு அது. முன்னெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு அளந்துச்சு. 2018-ல் ஏ.எஸ்.டி.எம். எஃப்3340-ன்னு பொதுச் சோதனை முறை வந்த பிறகு, அந்த முறையில அளந்த மெத்தைகளை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட முடியுது. உள்ள காப்பு எதுவும் இல்லாத காற்று மெத்தை 1-ஐ ஒட்டித்தான் வரும். 2 செ.மீ. தடிமன் இருக்கிற நல்ல ஃபோம் பாய் 2-ஐ ஒட்டி வரும். ரெண்டையும் சேர்த்துப் போட்டா எண்ணும் கூடும், 3 கிட்ட வந்துடுவீங்க. ஃபோம் பாயை எங்க போடுறதுங்கிறது இடத்தைப் பொறுத்தது. முள்ளும் கூழாங்கல்லும் இருந்தா மெத்தைக்கு அடியில, குளிர் மட்டும்தான் தொல்லைன்னா மெத்தைக்கு மேல, உடம்பை ஒட்டி. ஒண்ணே ஒண்ணு வாங்கத்தான் காசுன்னா கண்ணை மூடிட்டு ஃபோம் பாயை வாங்குங்க. தூண்டில் முள் குத்தினாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. காற்று மெத்தையில முள் பட்டா அன்னிக்கு ராத்திரித் தூக்கம் போச்சு.

ஈரத்துக்கு வர்றேன். தார்ப்பாய் ஓட்டைன்னு நினைச்சுத் தூக்கிப் போட்டுடாதீங்க. மண்ணுல இருந்து ராத்திரி முழுக்க ஆவி ஏறிக்கிட்டே இருக்கும். போக வழி இல்லாம பாயோட அடியில தண்ணியாத் தங்கிடுது. சோறு வடிச்ச பானையோட மூடி உள்பக்கம் வேர்க்கிற மாதிரி. மேல்பக்கம் காய்ஞ்சிருந்தா உங்க பாய் நல்ல பாய்.

கூரை வேர்க்கிறதுக்கும் பாதிக் காரணம் அந்த மண்தான். டென்ட்டுக்குள்ள பாய் மூடாம விட்ட புல்லும் மண்ணும் விடுற ஈரம் நேரா மேல போய்க் குளிர்ந்த துணியில படியுது. மீதி உங்க மூச்சு. அதனால உள்தரை முழுக்க மூடற மாதிரி விரிங்க, ஓரத்தை உள்பக்கமா ஒரு சாண் உயரத்துக்கு மடிச்சு வரப்பு மாதிரி நிறுத்துங்க. ஒரு விரல் அளவுகூட டென்ட்டுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. நீட்டிக்கிட்டு இருந்தா சுவர்ல வழியற மழை அத்தனையும் அந்தப் பாயில விழுந்து நேரா உங்க முதுகுக்கு ஓடி வரும். இதை மட்டும் ஒவ்வொரு தடவையும் டார்ச் அடிச்சுச் சுத்திப் பாருங்க. அப்புறம் முன்வாசலை முழுசா மூடாம மேல ஒரு கை அகலம் திறந்து வையுங்க.

பாயோட மேல்பக்கமே நனைஞ்சா அது வேற விஷயம். துணியில எம்.எம். கணக்குல ஒரு எண் இருக்கும், எத்தனை உயரத் தண்ணியைத் தாங்கும்னு அர்த்தம். கூரைக்கு 1500 போதும்பாங்க. ஆனா ஈரத் தரையில நீங்க முட்டி போட்டு ரிக் (நரம்பு நுனியில முள்ளும் ஈயமும் சேர்ந்த கட்டு) கட்டும்போது மொத்த எடையும் அந்த ரெண்டு இடத்துல இறங்கும். அதனால தரைத் துணிக்கு 3000-க்குக் கீழே நான் வாங்க மாட்டேன்.

கரைத்தூண்டில்:
அண்ணே, ரொம்ப நன்றி. மேல்பக்கம் காய்ஞ்சுதான் இருக்கு. பாய் டென்ட்டுக்கு வெளிய ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டுத்தான் இருந்தது, மடிச்சிடறேன். இன்னொண்ணு, மடக்குக் கட்டில் போட்டா ஃபோம் பாய் தேவைப்படாதுல்ல? உள்ள சின்னதா கரி அடுப்பு வெச்சுக்கலாமான்னும் யோசனை.

பாறைமீன்:
நான் கட்டில் ஆள். இடுப்பு வலி இருந்தா கட்டில்தான் சரி, எழுந்திருக்க லேசு. ஆனா ஃபோம் பாய் இல்லாம படுத்தா தரையை விட மோசமாக் குளிரும், அடியில காத்து ஓடிக்கிட்டே இருக்குமே. களிமண் கரையில கட்டில் கால் புதைஞ்சு சாயும், தார்ப்பாயையும் கிழிக்கும். நாலு காலுக்கும் உள்ளங்கை அளவு பலகைத் துண்டு வெச்சிடுவேன். வாசல் பக்கம் ஒரு சாக்கை மடிச்சுப் போட்டு, சேத்துச் செருப்பு அதைத் தாண்டக் கூடாதுன்னு வெச்சுக்கோங்க. ராத்திரி நாலு தடவை மீனுக்கு ஓடி வந்தாலும் படுக்கை நனையாது. படுக்குறதுக்குன்னே காய்ஞ்ச சாக்ஸ் ஒரு ஜோடி தனியா எடுத்து வையுங்க.

நீர்க்காகம்:
கரி அடுப்பு வேண்டவே வேண்டாம் தம்பி. வாசல் திறந்திருந்தாலும் வேண்டாம், அணைஞ்ச மாதிரித் தெரியுற தணலும் வேண்டாம். அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்ல, நிறமும் இல்ல. தூக்கத்துலயே ஆளைக் கொண்டுபோயிடும். பாட்டில்ல வெந்நீர் ஊத்தி, மூடி இறுக்கி, துணி சுத்தி பேக்குக்குள்ள கால்மாட்டுல வெச்சுக்கோங்க.

இடம் பார்க்குறதைப் பத்தி யாரும் சொல்லல. பள்ளம் காத்துக்கு மறைவா இருக்கேன்னு அங்க விரிக்காதீங்க. குளிர்ந்த காத்தும் மழைத் தண்ணியும் அங்கதான் இறங்கும். கரையில காய்ஞ்ச இலையும் பாசியும் கோடு போட்ட மாதிரி ஒதுங்கியிருக்கும் பாருங்க, தண்ணி அதுவரைக்கும் வந்திருக்கு. அதுக்கு நல்லா மேலதான் படுக்கை. அணைக்குக் கீழ ஆத்துல பிடிக்கிறதா இருந்தா மழை இல்லாமலே தண்ணி ஏறலாம். கடற்கரைன்னா அமாவாசை, பௌர்ணமி ஒட்டி ஓதம் இன்னும் மேல வரும்.

கரைத்தூண்டில்:
அடுப்பு யோசனையை விட்டுட்டேன் அண்ணே. பாறைமீன் சொன்ன பலகையை இன்னிக்கே அறுத்து வெச்சிடறேன். கடைசியா ஒண்ணு, வீட்டுக்கு வந்ததும் ஈரப் பாயை அப்படியே சுருட்டி வெச்சா ஒண்ணும் ஆகாதுல்ல?

நீர்க்காகம்:
பிளாஸ்டிக் தார்ப்பாய்னா நாத்தம்தான் வரும், மீன் செதிலும் இரையும் ஒட்டியிருந்தா இன்னும் மோசம். டென்ட் துணி அப்படி இல்ல. அது பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சுப் போட்டதுன்னா ஈரத்தோட கிடந்து கிடந்து பூச்சு பிசுபிசுத்து உரிஞ்சிடும், அப்புறம் மழை தாங்காது. ரெண்டையும் தண்ணியில அலசி, நிழல்ல ரெண்டு பக்கமும் காய வெச்சுட்டு மடிங்க. தையல் ஓரம் கடைசியாத்தான் காயும், அதைத் தொட்டுப் பாருங்க.