மறு: 'கட் லோடிங்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

பச்சோந்தி வளர்ப்புக் கையேட்டில் இரை பற்றிய பகுதி ஒரு சொல்லால் நிற்கிறது. சிள்வண்டு, கரப்பான் போன்ற இரைப்பூச்சிகளுக்கு 24 முதல் 48 மணி நேரம் நல்ல தீனி கொடுத்து, அந்தச் சத்து அவற்றின் வயிற்றில் இருக்கும்போதே பச்சோந்திக்குப் போடுவதைக் 'கட் லோடிங்' (gut loading) என்கிறோம். வரைவில் 'குடல் நிரப்பல்' என்று இருக்கிறது. கருத்துச் சொல்லுங்கள்.

கையேடு வெயில்டு, பேந்தர் என்ற வெளிநாட்டுப் பச்சோந்தி இனங்களுக்கு மட்டுமே. நம் நாட்டுப் பச்சோந்தி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருவது. பிடிக்கவோ வளர்க்கவோ கூடாது. வெளிநாட்டு இனங்களையும் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். இதை முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறோம்.

– வேளச்சேரி

----------

> வரைவில் 'குடல் நிரப்பல்' என்று இருக்கிறது

வேண்டாம் ஐயா. அடுத்த பகுதியிலேயே 'குடலடைப்பு' என்ற நோய் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவர், பச்சோந்தியின் குடலை நிரப்பச் சொல்கிறோம் என்றே நினைப்பார். வளர்ந்த வெயில்டுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்தாறு பூச்சி போதும். அதற்கு மேல் போனால் கொழுப்பு சேரும், பெண்ணுக்கு முட்டைகள் அளவுக்கு மீறி உருவாகும்.

'நிரப்பல்' அளவைச் சொல்கிறது. இங்கே குறை தரத்தில். சிள்வண்டில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். பச்சோந்திக்குத் தேவையோ ஏறக்குறைய 2:1 என்ற விகிதத்தில் கால்சியம். இந்தக் குறை நீடித்தால் தாடை மெத்தென்று ஆகும், கால் எலும்பு வளையும், கிளையைப் பிடிக்க முடியாமல் விழும்.

என் பரிந்துரை 'ஊட்டமேற்றல்'. 'ஊட்டமேற்றிய தொழுவுரம்' என்று வேளாண்மையில் ஏற்கெனவே வழங்குகிறது. 'ஊட்டமேற்றிய சிள்வண்டு' என்றால் யாருக்கும் புரியும்.

– மாதவரம்

----------

நல்ல சொல்தான். ஆனால் பூச்சியின் மேல் கால்சியம் பொடி போடுகிறோமே, அதுவும் ஊட்டமேற்றல்தானே? இரண்டும் ஒரே சொல்லுக்குள் போனால், ஒன்றைச் செய்தவர் மற்றதை விட்டுவிடுவார். இரண்டும் கெட்டுப்போகும் விதம் வேறு.

பொடி: டப்பாவில் பூச்சியோடு ஒரு சிட்டிகை வைட்டமின் டி3 இல்லாத கால்சியம் போட்டு, மெல்லிய வெள்ளைப் படலம் ஒட்டும்வரை உருட்ட வேண்டும். யூவிபி (புற ஊதா) விளக்கு இருந்தால் டி3 கலந்ததும் மல்ட்டிவைட்டமினும் மாதம் இரண்டு முறை போதும், கூடினால் நஞ்சு. சிள்வண்டு தன் உடம்பைத் தானே துடைத்துக்கொள்ளும் பூச்சி. போட்ட சில நிமிடங்களில் பச்சோந்தி தின்னவில்லை என்றால் பொடி போயிற்று. வழவழப்பான கரப்பான் மேல் சரியாக ஒட்டவே ஒட்டாது. சென்னைக் காற்றின் ஈரத்தில் டப்பா மூடி தளர்ந்திருந்தால் பொடி கட்டிதட்டும்.

தீனி: முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, பரங்கி, கேரட். நன்றாகக் கழுவியே வைக்க வேண்டும். பாலக் வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். தண்ணீர்க் கிண்ணத்தில் சிள்வண்டு மூழ்கும், கேரட் துண்டின் ஈரமே போதும். மிச்சத்தைத் தினமும் எடுக்காவிட்டால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை படரும், அமோனியா வாடை ஏறும், பெட்டியோடு செத்துக்கிடக்கும். கால்சியம் மிகுந்த மாவைக் கடைசி இரண்டு நாளுக்கு மேல் கொடுத்தால் பூச்சியே தாங்காது. பிறகு பட்டினி போட்டால் ஒரே நாளில் வயிறு காலி.

ஆகவே 'ஊட்டமேற்றல்' பொதுச்சொல்லாக இருக்கட்டும். அதன்கீழ் 'உள்ளூட்டம்', 'பொடி தூவல்'.

– கொளத்தூர்

----------

'உள்ளூட்டம்' எனக்குச் சம்மதம்: உள்ளூட்டு, உள்ளூட்டிய என்று வினையாகவும் வளைகிறது. 'பொடி பூசல்' என்று ஒரு குறிப்பில் பார்த்தேன், அதை விடுங்கள். பூசினால் கனமாகப் பூசுவார்கள், பச்சோந்தி துப்பிவிடும்.

ஒரு கவலை. உள்ளூட்டிய சிள்வண்டு மட்டுமே முழு உணவு என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. பட்டுப்புழு மல்பெரி இலையைத்தான் தின்னும், அதற்கு முருங்கை வைத்துப் பயனில்லை. ஆனால் மென்மையான, நீர் நிறைந்த நல்ல இரை. கறுப்புப் படைவீரன் ஈயின் புழுவில் கால்சியம் இயல்பாகவே அதிகம். வளர்ப்பு மீன் கடைகளில் கிடைக்கும் மீல்வார்ம் புழு கொழுப்பு மிகுந்தது, தோலும் கடினம். எப்போதாவது இரண்டு மூன்று. இப்படி மாற்றி மாற்றிக் கொடுப்பதற்கு, பயிர்ச்சுழற்சி போல, 'இரைச்சுழற்சி' என்று வைக்கலாம். எந்த இரையும் பச்சோந்தியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தை மீறக் கூடாது.

வெளியே பிடித்த பூச்சி பற்றியும் ஒரு வரி தேவை. மாநகராட்சி கொசுப்புகை அடித்த தெருவில் பிடித்தது நஞ்சு. எருக்கஞ்செடியில் இருக்கும் வண்ண வெட்டுக்கிளி அந்தச் செடியின் நஞ்சை உடம்பில் வைத்திருக்கிறது. மின்மினியும் கூடாது.

– மயிலாப்பூர்

----------

> 'இரைச்சுழற்சி' என்று வைக்கலாம்

ஏற்றுக்கொள்கிறேன் அம்மா. சொல்லடைவுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

உள்ளூட்டம்: இரைப்பூச்சிக்கு 24–48 மணி நேரம் சத்தான தீனி கொடுத்து, அது செரித்து வெளியேறும் முன் பச்சோந்திக்கு இரையாக்குதல். பொடி தூவலுக்கு மாற்று அன்று.

கடைசி வாக்கியத்தைத் தடித்த எழுத்தில் போட வேண்டும். 'தின்னாமல் மீந்த சிள்வண்டை இரவுக்குள் எடுத்துவிடுக, உறங்கும் பச்சோந்தியைக் கடிக்கும்' என்பதைப் பொடி தூவலின் கீழே சேர்க்கிறேன். மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகும் முன் எழுதுங்கள்.

– வேளச்சேரி